அழுகல் இல்லாத வீடு

காய்ச்சல் ஊருக்குள் வருவதற்கு முன்பே தக்காளி ஊரை விட்டுப் போய்விட்டது. அதன் பின்னாலேயே முட்டை போனது. பிறகு ரொட்டி, பால், கீரை என்று அழுகக்கூடியவை எல்லாம் கடைகளைக் காலி செய்துகொண்டு கிளம்பின. உப்பும் தீப்பெட்டியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை யாரும் சீந்தவில்லை. வருஷக்கணக்கில் கெடாத பொருளை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கே கெட்டுப்போகிற பொருளைத்தான் இன்றைக்கே வாங்கியாக வேண்டும். ஊரில் எல்லோரும் இப்படித்தான் யோசித்திருந்தார்கள் என்பது கடைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

இதனால் பூட்டுக்காரருக்கு வேலை கூடியது.

செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் அவருடைய கடை இருந்தது. சாவி வெட்டுவார், துருப்பிடித்த பூட்டைத் திறந்து கொடுப்பார், கதவுக்குக் கொண்டி மாட்டுவார். காய்ச்சல் செய்தி வந்த வாரம் ஒரு பெண் வந்து நின்றாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "பிரிட்ஜுக்குப் பூட்டு போட முடியுமாங்க?" என்று கேட்டாள்.

"போடலாம். யாரு திறக்காம இருக்கணும்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. பிரிட்ஜுக்குப் பூட்டுப் போடுவது லேசான வேலையில்லை. பக்கவாட்டில் துளை போட்டால் உள்ளே ஓடுகிற கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும். அதனால் துளையே இல்லாமல், பசை வைத்து ஒட்டும் கொண்டியாகச் செய்து மாட்டினார். மறுநாள் அந்தப் பெண்ணின் கணவர் வந்து இன்னொரு சாவி கேட்டார். அதற்கு மறுநாள் அவருடைய அம்மா வந்து, "மேல ஒரு பூட்டு போடுப்பா. சாவி ஒண்ணு போதும். எனக்கு மட்டும்" என்றார். ஒரே வாரத்தில் தெருவில் பாதி பிரிட்ஜுகளுக்கு மேல்கதவில் மாமியார் பூட்டும் கீழ்க்கதவில் மருமகள் பூட்டும் தொங்கின. ஒவ்வொரு வீட்டிலும் பூட்டு மாட்டுகிற நேரத்துக்கு மட்டும் பிரிட்ஜைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே விரல் நுழைய இடமிருக்காது. கீரை மஞ்சளாகி, தக்காளி தோல் சுருங்கி, ரொட்டி பச்சையாகப் பூத்திருக்கும். "சீக்கிரம் முடிங்க, குளிர் போகுது" என்பார்கள்.

அவருடைய வீட்டு பிரிட்ஜுக்கு மட்டும் பூட்டு இல்லை. அதில் இருந்ததைத் திருடக்கூடிய ஒரே ஆளுக்கு இன்னும் குப்புற விழக்கூடத் தெரியாது.

அந்த ஆளுக்கு உருண்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு நல்ல பெயர் காய்ச்சல் முடிந்ததும் வைப்பதாக இருந்தது. உருண்டையின் அம்மா நர்ஸ். காய்ச்சல் வார்டு திறந்ததும், வார்டில் வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும், வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உத்தரவு வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. குழந்தைக்குக் கொடுத்தது போக, கிடைத்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து பாலை எடுத்துச் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டி, பிரிட்ஜின் உறைபெட்டி நிறைய அடுக்கிவிட்டுத்தான் போனாள். பழைய தேதியை முதலில் எடுக்க வேண்டும். வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். உருகியதை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. வாசல்படி தாண்டும்போதும் இதையேதான் சொல்லிக்கொண்டு போனாள்.

பூட்டுக்காரர் அதைத் தப்பாமல் செய்தார். குழந்தையை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். வரும் வழியில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும், கிடைத்தால், வாங்கினார். ஓர் ஆள் சாப்பாடு. எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் அழுகவில்லை. அவர் செய்த தப்பு அதுதான்.

இதற்கிடையில் அரசாங்கம் விழித்துக்கொண்டு அழுகும் பொருள் காப்பு வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தியது. தலைவராக வந்தவர் அதுவரை அருங்காட்சியகத்தில் இருந்தவர். பொருளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதில் பழக்கமுள்ளவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரியம் அமைந்த கையோடு ஒரு வியாபாரியின் குடோனிலிருந்து லாரி நிறையத் தக்காளியைப் பறிமுதல் செய்து தன் குளிர்கிடங்கில் வைத்தது. அதை மக்களுக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "கொடுப்பது எங்கள் வேலை இல்லை. எங்கள் பெயரிலேயே காப்பு என்றுதான் இருக்கிறது" என்று தலைவர் விளக்கினார். வாரக் கடைசியில் அறிக்கை வந்தது. வாரியத்தின் பாதுகாப்பிலிருந்து ஒரு தக்காளிகூட வெளியே போகவில்லை என்று அதில் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். குளிர்கிடங்கின் கதவுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்ததைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

பெரிய வியாபாரிகளைப் பிடித்தாகிவிட்டது. அடுத்தது வீடுகள். எல்லா வீட்டையும் திறந்து பார்க்க வாரியத்தில் ஆளில்லை. ஆகவே குப்பைத்தொட்டியை முகர்ந்து பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போனது.

"பொதுமக்களே, உங்கள் குப்பைத்தொட்டிகளை மூடி போடாமல் வாசலில் வைக்கவும். அழுகல் உள்ள வீடு அச்சப்பட வேண்டாம். எல்லோரும் அளவுக்கு மேல் வாங்கியிருக்கிறீர்கள் என்பது வாரியத்துக்குத் தெரியும். அது மனித இயல்பு. வாங்கியது அழுகிவிட்டால் அது பதுக்கல் ஆகாது. அழுகல் இல்லாத வீடுகள் மட்டும் விளக்கம் அளிக்க வேண்டும். வாங்கியது எங்கே போனது?"

அன்றிலிருந்து தெருவின் நடையே மாறிவிட்டது. அதுவரை அழுகியதைத் தாளில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் இப்போது அதைத் தொட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையாக வைத்தார்கள். காலையில் வாசலுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுத் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. "உங்களுக்கு நல்லா நுரை கட்டியிருக்கே" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றார். பூட்டுக்காரரின் தொட்டியைத் தாண்டும்போது மட்டும் நடை மெதுவானது. அதில் வெங்காயத்தோலும் முட்டை ஓடும் குழந்தையைத் துடைத்த தாளும் கிடந்தன.

எதிர்வீட்டில் இருந்தவர் வங்கியில் காசாளர். கள்ள நோட்டைத் தடவியே கண்டுபிடிப்பவர் என்று பெயர். அவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வாரியத்துக்குத் தகவல் சொன்னார்.

*

ஆய்வாளர் பிற்பகலில் வந்தார். கழுத்து நீண்ட மனிதர். முகக்கவசத்தை இறக்கி, தொட்டிக்குள் தலையை விட்டு, முகர்ந்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். திருப்தி இல்லை. மறுபடி இறக்கினார்.

"ஒண்ணுமே வரலையே."

"வெங்காயத்தோல் இருக்கு சார்."

"அது சமைச்ச கழிவு. அழுகல் எங்கே?"

"அழுகலை சார். வேண்டியதைத்தான் வாங்கினேன்."

ஆய்வாளர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அவங்க குப்பை வேற சொல்லும். உங்க குப்பையும் நீங்க சொல்றதையே சொல்லுது. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

உள்ளே வந்தார். பிரிட்ஜைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பூட்டு ரிப்பேர் சார்."

"ஊருக்கெல்லாம் பூட்டு போடறவர் வீட்டுல பூட்டு இல்லை. உள்ள ஒண்ணும் கிடையாதுன்னு நாங்க நினைக்கணும். அதுக்குத்தானே?"

பூட்டுக்காரர் ஆமாம் என்றாலும் மாட்டிக்கொள்வார், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வார் போலிருந்தது. ஆய்வாளர் கீழ்க்கதவைத் திறந்தார். இரண்டு முட்டை, ஒரு கேரட். மேல்கதவைத் திறந்தார். வெள்ளைப் பனியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"ஓஹோ" என்றார் மெதுவாக. "இது என்ன?"

"பால் சார்."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லை சார்." பூட்டுக்காரரின் குரல் இறங்கியது. வாசலில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. "என் மனைவி."

"புரியலை."

"தாய்ப்பால் சார்."

ஆய்வாளர் கையிலிருந்த பாட்டிலைச் சட்டென்று வைத்துவிட்டு, பிறகு கடமை நினைவுக்கு வந்து மறுபடி எடுத்தார். இந்தத் தடவை இரண்டு விரலால். "பில் இருக்கா?"

"அதுக்கு எப்படி சார் பில்லு?"

"பில் இல்லை. பெயர் இல்லை. தேதி மட்டும் கையால எழுதியிருக்கு. அப்போ தயாரிப்பு வீட்டிலேயே. தயாரிச்சவங்க எங்கே?"

"ஆஸ்பத்திரியில சார். காய்ச்சல் வார்டுல வேலை."

ஆய்வாளர் கவசத்தை மூக்குத்தண்டு வரை ஏற்றி, ஓர் அடி பின்னால் போனார். வாசல் கூட்டமும் அவரோடு சேர்ந்து ஓர் அடி பின்னால் போனது.

"காய்ச்சல் வார்டு சரக்கா இது?"

"அய்யோ, இல்லை சார். வார்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது. தேதியைப் பாருங்க."

"தேதி உங்க வீட்டுக் கையெழுத்துல இருக்கு. சந்தேகத்துக்கு ஆளானவங்க எழுதின தேதியைச் சந்தேகப்படற நான் எப்படி நம்பறது?"

"இது குழந்தைக்கு சார். அவன் வேற எதுவும் குடிக்கக் கூடாது. கடையிலயும் பால்பவுடர் இல்லை."

"ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு பால்னு வாரியம் சொல்லியிருக்கு. அந்த ஆள் கணக்குல குழந்தை வராது. குழந்தை சார்ந்திருப்பவர்." ஆய்வாளர் பாட்டில்களைத் தான் கொண்டுவந்த பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். "சார்ந்திருப்பவருக்கு இவ்வளவு கையிருப்பு இந்தத் தெருவிலேயே இல்லை."

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று வாசலில் காசாளரின் குரல் கேட்டது. "அந்தத் தொட்டியிலிருந்து ஒரு நாளும் ஒரு ஈ வந்ததில்லை."

பூட்டுக்காரர் பெட்டியின் மேல் கை வைத்தார். அவர் வாழ்க்கையில் ஓர் அதிகாரியின் சாமான் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. "சார், இதைக் குளிர்ல வைக்கணும். உருகினா அன்னைக்கே குடுத்தாகணும். இல்லைன்னா வீணாயிடும்."

"வாரியத்துக்கே சொல்லித் தர்றீங்களா? ஊரிலேயே பெரிய குளிர்கிடங்கு எங்ககிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலையில விசாரணை. சார்ந்திருப்பவரையும் கூட்டிட்டு வாங்க."

சமையலறை மேடையில் ஒரு கிண்ணத்து வெந்நீரில் ஒரு பாட்டில் உருகிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அதையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அது பிரிட்ஜுக்குள்ள இல்லை" என்றார். "என் அதிகாரம் பிரிட்ஜோட சரி."

வாரியத்தின் கருணையை இன்றும் பூட்டுக்காரர் நினைத்துக்கொள்வார்.

*

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி, போனில்.

"வெந்நீர்ல ஒண்ணு இருந்துச்சு. அது தப்பிச்சுது."

அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. அது அவளில்லை என்று தெரிந்துகொள்ளும் வரை அவருக்கு மூச்சு வரவில்லை.

"கால் வலிக்க வலிக்க உட்கார்ந்து எடுத்தேங்க."

"தெரியும்மா."

"சரக்கா அது? சரக்குன்னா சொன்னாங்க?"

"பில் கேட்டாரு."

"வந்து என்கிட்ட கேக்கச் சொல்லுங்க. வார்டுக்கு உள்ள வந்து கேக்கச் சொல்லுங்க." கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, வார்த்தைதான் குறையும். "சர்க்கரைத் தண்ணி குடுத்துடாதீங்க."

"மாட்டேன்."

"மாட்டுப்பாலும் வேண்டாம். இங்கிருந்து நான் எடுத்து அனுப்பவும் முடியாது. வார்டிலிருந்து ஒரு துணிகூட வெளிய போகாது. பால்பவுடர் எங்கேயாவது பாருங்க."

"மருந்துக்கடையில அந்தத் தட்டையே கழுவி வச்சிருக்கான். ஒரு டின் இல்லை."

"யாரு வாங்கினது? நம்ம தெருவில வேற யாருக்கும் கைக்குழந்தை கிடையாதே."

யார் வாங்கினது என்று பூட்டுக்காரருக்குத் தெரியும். பூட்டு மாட்டப் போனபோது பார்த்திருந்தார். இருந்த ஒரு பாட்டிலை உருண்டைக்குக் கொடுத்து முடித்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்தது. சங்கிலியும் அவர் மாட்டியதுதான்.

"அண்ணே, ஒரு பால்பவுடர் டின் வேணும். குழந்தைக்கு."

"நம்மகிட்ட ஏது தம்பி? எங்களுக்கு என்ன குழந்தையா குட்டியா?"

"இல்லைண்ணே, பிரிட்ஜுல இடது பக்கம் அடுக்கியிருந்தீங்க. பூட்டு மாட்டினப்போ பார்த்தேன்."

காசாளர் அவரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "பூட்டு மாட்ட வந்தவன் பூட்டைத்தானே பார்க்கணும்?"

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "யாருங்க அது?" என்றது.

"யாருமில்லை." காசாளர் கதவிடுக்கில் முகத்தை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார். "குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லை தம்பி. குடுத்தா, இருந்துச்சுன்னு ஆயிடும் பாரு."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டே. உன் குப்பை சொல்லும். காலி டின்னைக் கொண்டு போய் அதிலதானே போடுவே? அந்த டின் எங்கிருந்து வந்துச்சும்பான்." கதவு மூடப் போனது. பிறகு நின்றது. காசாளருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது. "நான் தகவல் சொன்னதுல உனக்கு வருத்தம் இருக்கும். பொதுநலத்துக்காகச் சொன்னது. ஒண்ணு பண்றேன். எங்க வீட்டுல நல்லா அழுகின தக்காளி இருக்கு. ஒரு பை தர்றேன், உன் தொட்டியில போட்டு வை. கேஸுக்கு நல்லது."

பூட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை அதற்குள் நீண்டு வாங்கிக்கொண்டது.

மற்ற வீடுகளிலும் கேட்டுப் பார்த்தார். பாதிப் பேர் பூட்டின் சாவி மாமியாரிடம் இருக்கிறது என்றார்கள். மாமியார்கள் மருமகளிடம் இருக்கிறது என்றார்கள்.

*

காலையில் உருண்டை எழுந்ததே அழுதுகொண்டுதான். குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது மாடிவீட்டு அம்மா வழி மறித்தார்.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. எங்க தொட்டிக்கு ஒரு பூட்டு போடணும்."

"குப்பைத்தொட்டிக்காம்மா?"

"ஆமாப்பா. யாரோ எங்க முட்டைக்கோஸைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லா கறுத்து, தண்ணி விட்டு வந்திருந்துச்சு. இன்னைக்கு முகர்ந்து பார்க்க வந்தா நான் எதைக் காட்டுவேன்?" குழந்தையைப் பார்த்தார். "ஏன் அழறான், பசியா? பாவம். சாயங்காலத்துக்குள்ள போட்டுக் குடுத்துடுங்க."

வாரியத்தின் கட்டடம் தெரிவதற்கு முன்பே அதன் வாசனை தெரிந்தது. ஊரில் வேறெந்த வீட்டுத் தொட்டியும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. வாசலில் பைகளைச் சோதிக்க ஒரு பெண் காவலர் இருந்தாள். அவளைவிட ஒரு சுற்றுப் பெரிய காக்கிக் கோட்டு அவளைப் போட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது.

"பையில என்னண்ணே?"

"துணிம்மா. ஒரு பாட்டில். காலி."

குழந்தை வீறிட்டது. அவள் பையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். "பசி அழுகை இது."

"ஆமாம்மா. பாலெல்லாம் உள்ள இருக்கு. வாங்கத்தான் வந்தேன்."

"எங்க வீட்டுலயும் இதே அளவுல ஒண்ணு இருக்கு. தங்கச்சி பார்த்துக்கறா" என்றாள். தன் கோட்டை முன்பக்கம் இழுத்து மூடிக்கொண்டாள்.

விசாரணை அறையில் தலைவரும் ஆய்வாளரும் ஓர் எழுத்தரும் இருந்தார்கள். சுவரோரமாகக் கோப்பு அலமாரிகள் நெஞ்சு உயரத்துக்குமேல் நின்றன. ஓர் அலமாரியின் தலையில், வெயில் விழுகிற ஜன்னலுக்கு நேராக, பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. ஒன்றிலும் பனி இல்லை. பூட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"சார், குளிர்ல வைக்கறதாச் சொன்னீங்களே."

"குளிர்கிடங்கில தக்காளி இருக்கு" என்றார் ஆய்வாளர். "கதவைத் திறந்தா குளிர் வெளிய போயிடும். அதனால திறக்கறதில்லை."

தலைவர் தொண்டையைச் செருமினார். நிதானமான மனிதர். பேசும்போது மேசை மேல் எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வாரியம் தாய்மைக்கு எதிரானது அல்ல. எனக்கே ஒரு தாய் இருந்தார். ஆனால் தாய்மையைப் பாட்டிலில் அடைத்து அடுக்கி வைத்தால் அது கையிருப்பு. காய்ச்சலைவிடப் பெரிய நோய் பதற்றம். இந்த வாரியம் வந்த பிறகு மக்கள் காய்ச்சலைக் கண்டு பதறுவதில்லை. எங்களைக் கண்டுதான் பதறுகிறார்கள். பதற்றத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததை எங்கள் சாதனையாகவே கருதுகிறோம். நுகர்வோர் வந்திருக்கிறாரா?"

உருண்டை வாயைத் திறந்து அலறியது.

"ஆட்சேபம் தெரிவிக்கிறாரா?"

"பசிக்குது சார்."

"நுகர்வோருக்குப் பசி என்று தகப்பனார் கூறுகிறார். எழுதிக்கொள்ளுங்கள்." எழுத்தர் எழுதிக்கொண்டார். "தகப்பனாரே, ஊரில் எல்லோர் வீட்டிலும் அழுகல் இருக்கிறது. எல்லோரும் அஞ்சினார்கள், வாங்கினார்கள், வீணாக்கினார்கள். அதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நீங்கள் மட்டும் அதில் ஏன் சேரவில்லை?"

"எனக்குத் தெரியலை சார். ஓர் ஆளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வாங்கினேன்."

"எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாரியத்துக்கே அது இன்னும் தெரியாதே."

பூட்டுக்காரர் குழந்தையின் முதுகைத் தட்டினார். குழந்தையின் அழுகை விட்டுவிட்டு வர ஆரம்பித்திருந்தது. முழுக்க அழக் கூடத் தெம்பில்லை. "சார், தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க. ஒரு பாட்டிலாவது நல்லா இருக்கான்னு பாருங்க. இவனுக்கு மட்டும் குடுத்துடறேன்."

"முறைப்படி பரிசோதிக்கத்தான் போகிறோம்."

ஆய்வாளர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். கவசத்தை இறக்கினார். முகர்ந்தார். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"சார், கெட்டுப்போயிருக்கு."

"கெட்டுப்போயிருக்கா?" தலைவர் எழுந்தே விட்டார். "நல்லாப் பாருங்க."

அடுத்ததைத் திறந்தார். அதற்கு அடுத்ததையும். "எல்லாமே சார். சுத்தமா கெட்டிருக்கு."

தலைவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து முன்னால் கூப்பினார். "வாழ்த்துக்கள். உங்கள் வீட்டுப் பொருள் அழுகிவிட்டது. நீங்களும் எல்லோரையும் போல ஓர் இயல்பான குடும்பம்தான். குற்றச்சாட்டு தள்ளுபடி. சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம்."

"இங்க வெயில்ல வச்சதாலதானே சார் கெட்டுது?"

"எங்கே வைத்துக் கெட்டது என்பதை விதி கேட்கவில்லை. கெட்டதா என்றுதான் கேட்கிறது."

"இப்ப இவன் என்ன சார் குடிப்பான்?"

"அது சுகாதாரத் துறை" என்றார் தலைவர் இரக்கத்தோடு.

பூட்டுக்காரர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் அவர் மனைவியின் கையெழுத்தில் ஒரு தேதி இருந்தது. அதைப் பார்க்காமல் வைக்க முயன்றார். முடியவில்லை.

அப்போது காவலுக்கு இருந்த பெண் உள்ளே வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து துணிமுடிச்சை அவிழ்த்து, "குடுங்கண்ணே" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு, கோப்பு அலமாரிகளுக்குப் பின்னால் போனாள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அழுகை இன்னும் இரண்டு தடவை எழும்பி, நடுவிலேயே அறுந்தது.

பிறகு அறையில் ஒரே ஒரு சத்தம்தான். மடக் மடக்கென்று, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைப் பார்த்தார். பூட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கக் கை போனது, அதில் புளித்த பால் வாடை அடித்தது.

முதலில் பேசியது தலைவர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் பூட்டுக்காரருக்குக் கேட்டது.

"இந்தம்மா எத்தனை நாளா நம்மகிட்ட இருக்காங்க?"

"ஆரம்பத்திலிருந்தே சார்."

"வீட்டுல இவங்க குழந்தை எதைக் குடிக்குது?"

ஆய்வாளர் யோசித்தார். கழுத்து மெல்ல நீண்டது. "காலையில எடுத்து வச்சுட்டுத்தான் வருவாங்க போலிருக்கு சார்."

"அப்படியும் இங்க ஊரான் பிள்ளைக்குக் குடுக்கற அளவுக்கு மிச்சம் இருக்கு." தலைவர் அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "எனக்கு ஆரம்பத்திலேயே அந்தக் கோட்டு மேல ஒரு சந்தேகம். சாயங்காலம் வீட்டைப் பாருங்க."

அலமாரிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். உருண்டை அவள் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளோடு வாசல் வரை நடந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது.

"சாயங்காலமும் கொண்டு வாங்கண்ணே" என்றாள் அவள். "ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"வேண்டாம்மா. இன்னைக்கு நீங்க சீக்கிரமா வீட்டுக்குப் போங்க." பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி அவள் கையில் வைத்தார். "இதைக் கொண்டு போய் உங்க தொட்டியில, மேலாகத் தெரியற மாதிரி வைங்க. நல்ல பால் இருந்தா அதை வேற எங்கேயாவது ஐஸ்ல வச்சுடுங்க."

"எனக்கு எதுக்குண்ணே கெட்டுப்போன பால்?"

"உங்க வீட்டுக்கு ஆள் வரும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்ற தலைவரைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு பாட்டிலின் மூடியைத் திருகி, மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

"நல்லா கெட்டிருக்கா?" என்று கவலையோடு கேட்டார் பூட்டுக்காரர்.

"நல்லாவே கெட்டிருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டில்களைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.